கரைக்குப் பக்கத்தில்தான் கப்பல்கள் ஏன் மோதுகின்றன?

கேள்வி இதுதான்: ரேடார், ஜி.பி.எஸ். எல்லாம் வந்த பிறகும் நடுக்கடலில் நடக்காத விபத்து கரையோரக் கடலில் ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது? கேரளக் கரையில் மீனவர் படகுகளைக் கப்பல்கள் இடித்துவிட்டுப் போவதில் தப்பு யார் மேல்?

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில், இடமும் நேரமும் இல்லாததுதான். நடுக்கடலில் ஒரு கப்பல் தன் பாதையிலிருந்து இரண்டு கடல் மைல் விலகினால் யாருக்கும் தெரியாது, ஒன்றும் ஆகாது. கரையிலிருந்து மூன்று மைலில் அதே விலகல் பாறையில் கொண்டுபோய் ஏற்றும். தவறு ஒன்றுதான், அதைப் பொறுத்துக்கொள்ளும் தண்ணீர்தான் வேறு. போதாததற்குக் கரையோரத்தில்தான் எல்லோரும் கூடுகிறார்கள்: துறைமுகத்துக்குள் நுழையும் கப்பல், வெளியே வரும் கப்பல், நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் கப்பல், மீன்பிடிப் படகுகள், இழுவைப் படகுகள். ஆழம் குறைவு, நீரோட்டம் அதிகம்.

இரண்டாவது கேள்விக்கு இவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் வரைபடத்தைப் பாருங்கள். பாக் நீரிணை ஆழமில்லாதது, பெரிய கப்பல் உள்ளே போக முடியாது. மும்பையிலிருந்து சென்னைக்குப் போகிற கப்பலாக இருந்தாலும் இலங்கையைச் சுற்றித்தான் போக வேண்டும். வளைகுடாவிலிருந்து கொழும்புக்கோ மலாக்கா நீரிணைக்கோ போகிற கப்பல்களும் குமரிமுனைக்குத் தெற்கே அந்த மூலையைத் தொட்டுக்கொண்டுதான் திரும்புகின்றன. அதே மூலையில்தான் மீனுக்குப் பேர்போன வாட்ஜ் பேங்க் என்ற ஆழம் குறைந்த கடற்பரப்பு இருக்கிறது. கேரளக் கரையை ஒட்டியும் இதே கதைதான்: வடக்கு தெற்காகக் கப்பல்கள் ஓடும் பாதையும், தங்குகடல் விசைப்படகுகள் மீன்பாடு தேடிப் போகும் ஆழமும் ஒன்றன் மேல் ஒன்று கிடக்கின்றன. குளச்சல், தூத்தூர் வட்டாரத்துப் படகுகள் கொச்சி, முனம்பம் துறைமுகங்களைத் தளமாக வைத்துத் தொழில் செய்கின்றன. அதனால் விபத்து கேரளத்தில் நடந்தாலும் பல முறை சாவு வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது.

இப்போது தேதியோடு சேர்த்து நேரத்தையும் கவனியுங்கள். 2012 மார்ச் 1, நள்ளிரவு தாண்டி ஒரு மணியளவில், கோவாவிலிருந்து இரும்புத்தாது ஏற்றிப் போன பிரபு தயா என்ற கப்பல் ஆலப்புழைக் கடலில் ஒரு படகை இடித்தது, ஐந்து மீனவர்கள் இறந்தார்கள். 2017 ஜூன் 11, இரவு இரண்டு மணிக்கு மேல், பனாமா கொடி பறந்த ஆம்பர் எல் என்ற கப்பல் கொச்சிக்கு அப்பால் கார்மல் மாதா படகில் மோதியது. இறந்தவர்களில் ஒருவர் குளச்சல்காரர். 2018 ஆகஸ்ட் 7, விடியற்காலை மூன்றரை மணி வாக்கில், முனம்பத்திலிருந்து போன ஓசியானிக் படகு இடிபட்டது. அதில் இருந்த 14 பேரில் பெரும்பாலோர் குமரி மாவட்டம் ராமன்துறையைச் சேர்ந்தவர்கள். 2021 ஏப்ரல் 13, மறுபடியும் இரவு இரண்டு மணி அளவில், மங்களூருக்கு மேற்கே 40 கடல் மைலுக்கு அப்பால் பேப்பூரைச் சேர்ந்த ரபா படகும் ஒரு கன்டெய்னர் கப்பலும் மோதின. அதில் இருந்த 14 பேரில் இருவரைத்தான் உயிரோடு மீட்க முடிந்தது. பாதிப்பேர் தமிழ்நாட்டுக்காரர்கள்.

நான்கும் நள்ளிரவு பன்னிரண்டுக்கும் காலை நாலுக்கும் நடுவே. கப்பலில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த நேரம் என்றாலே ஒன்று நினைவுக்கு வரும்: பன்னிரண்டு–நாலு வாட்ச், அதாவது அந்த நாலு மணி நேரக் காவல் முறை. வழக்கமாக செகண்ட் ஆபீசர் நிற்கும் நேரம் அது. கேப்டன் தூங்கப் போயிருப்பார். உடம்பு விழித்திருக்க மறுக்கும் நேரமும் அதுவே.

அந்த நேரத்து பிரிட்ஜ், அதாவது கப்பலை இயக்கும் அறை, எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். வெளியே பார்க்கக் கண் பழக வேண்டும் என்பதால் உள்ளே விளக்கு கிடையாது. வரைபட மேசைக்குத் திரை போட்டிருக்கும், அதற்குள் ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம். ரேடார் திரையின் பிரகாசத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள். ஆபீசர் ஒருவர், கண்காணிப்புக்கு ஒரு மாலுமி, அவ்வளவுதான். அந்த மாலுமியையும் "கீழே ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வா" என்றோ, பெயின்ட் வேலை பாக்கி இருக்கிறது என்றோ அனுப்பிவிட்டால் 200 மீட்டர் நீளக் கப்பலுக்கு ஒரே ஜோடிக் கண்தான் மிச்சம். அந்தக் கண்ணும் பெரும்பாலும் ஜன்னலுக்கு வெளியே இருக்காது. மறுநாள் துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டிய படிவங்களை இரவு வாட்சில்தான் நிறைய பேர் முடிக்கிறார்கள். ஆபீசர் தூங்கிவிடக் கூடாது என்று ஒரு கருவி உண்டு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை பொத்தானை அமுக்கவில்லை என்றால் அலறும். அதை அணைத்து வைத்திருந்த கப்பல்களைப் பல நாட்டு விசாரணைகள் கண்டுபிடித்திருக்கின்றன.

அந்த ஆபீசர் விழிப்பாகவே இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு எவ்வளவு அவகாசம்? 12 மீட்டருக்கு மேல் 50 மீட்டருக்குள் இருக்கும் படகின் மீன்பிடி விளக்குகள் குறைந்தது இரண்டு கடல் மைல் தெரிய வேண்டும் என்பது விதி. 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் வரும் கன்டெய்னர் கப்பல் ஒரு மைலை மூன்று நிமிடத்தில் கடக்கும். அதாவது விளக்கு கண்ணில் பட்டதிலிருந்து ஆறு நிமிடம். அதற்குள் அது என்ன விளக்கு, நிற்கிறதா நகர்கிறதா, எந்தப் பக்கம் திரும்பலாம், அந்தப் பக்கம் வேறு படகு இருக்கிறதா என்றெல்லாம் முடிவு செய்ய வேண்டும். சரக்கு நிறைந்த கப்பலை பிரேக் போட்டு நிறுத்த முடியாது. இன்ஜினைப் பின்னோக்கி ஓட்டினாலும் நிற்க மைல் கணக்கில் தூரம் பிடிக்கும். திருப்பித்தான் தப்பிக்க வேண்டும். கன்டெய்னர்கள் அடுக்கிய கப்பலின் மூக்குக்கு முன்னால் கண்ணுக்கே தெரியாத ஒரு பகுதியும் உண்டு. சர்வதேச விதி அதை 500 மீட்டர் வரை அனுமதிக்கிறது. அதற்குள் வந்துவிட்ட படகு பிரிட்ஜிலிருந்து பார்க்கிறவருக்கு இல்லாத படகுதான்.

ரேடார் காட்டாதா என்று கேட்பீர்கள். காட்டும், ஆனால் இரும்பைக் காட்டுவது போல மரத்தையும் ஃபைபரையும் காட்டாது. தென்மேற்குப் பருவக்காற்று நாட்களில் கடல் கொந்தளித்தால் அலைகளே திரை முழுக்கப் புள்ளியாக விழும். அதைத் துடைக்க ஒரு குமிழ் இருக்கிறது. கொஞ்சம் அதிகமாகத் திருகினால் அலையோடு சேர்ந்து படகும் காணாமல் போகும். மழை பெய்தாலும் இதே பிரச்சினை. தன் பெயரையும் இடத்தையும் ரேடியோவில் அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவி பொருத்திய படகு பெயரோடு திரையில் வரும், அது இல்லாத படகு வராது. இதில் ஒரு விபரீதம், திரையில் வராததெல்லாம் கடலிலும் இல்லை என்று நம்பும் பழக்கம் இளம் அதிகாரிகளிடம் வந்துவிட்டது. பார்வையாலும் காதாலும் கிடைக்கிற எல்லா வழிகளாலும் கண்காணி என்று மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவது விதி சொல்கிறது. 1972-இல் எழுதிய அந்த வரிசையில் பார்வைதான் முதலில் வருகிறது.

சரி, படகுப் பக்கம் வருவோம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்லியாக வேண்டும். இரவில் வலை வேலை முடிந்ததும் நங்கூரம் போட்டோ, இன்ஜினை அணைத்து மிதக்க விட்டோ எல்லோரும் படுத்துவிடும் படகுகள் ஏராளம். நாளெல்லாம் வலை இழுத்தவர்களுக்கு வேறு வழியும் இல்லை. பத்துப் பதினைந்து நாள் கடலில் கிடக்கும் தொழில், ஒருவரை விழித்திருக்க வைத்தால் மறுநாள் வேலைக்கு ஓர் ஆள் குறையும். அப்புறம் விளக்கு. மடி இழுக்கும் படகு பச்சைக்குக் கீழே வெள்ளை போட வேண்டும், மற்ற மீன்பிடிப் படகு சிவப்புக்குக் கீழே வெள்ளை. நடைமுறையில் தளத்தில் வேலைக்காகப் போடும் கண்ணைக் கூசும் வெள்ளை விளக்குகள் இந்த நிற விளக்குகளை விழுங்கிவிடுகின்றன. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது ஒரு வெளிச்சப் பொட்டு, அதற்கு மேல் ஒரு தகவலும் இல்லை. பேட்டரியைச் சேமிக்க எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுத் தூங்கும் படகும் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது? மீன்பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்குக் கப்பல்தான் வழிவிட வேண்டும். நங்கூரத்தில் நிற்கிற படகை விட்டு விலகிப் போக வேண்டியதும் கப்பல்தான். ஆனால் இன்ஜினை அணைத்து மிதந்துகொண்டு தூங்கும் படகு, விதிப்படி மீன்பிடிக்கும் படகு அல்ல. ஓட்டத்தில் இருக்கும் சாதாரண விசைப்படகுதான். கண்காணிப்புக் கடமை அதற்கும் உண்டு. இந்த நுணுக்கம் நம் கரையில் பலருக்கும் தெரியாது, இழப்பீட்டு வழக்கில் கப்பல் கம்பெனி வக்கீல் முதலில் பிடிப்பதும் இதைத்தான்.

ஆனாலும் என் கருத்தில் பாரம் கப்பல் பக்கம்தான் அதிகம். கருவிகள் அங்கே இருக்கின்றன, படித்த ஆட்கள் அங்கே இருக்கிறார்கள், வேகம் அங்கே இருக்கிறது. தூங்கும் படகை இடிக்காமல் போவது ஒன்றும் முடியாத காரியம் அல்ல. ஒவ்வொரு இரவும் நூற்றுக்கணக்கான கப்பல்கள் அதைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. மீன்பிடித் தடைக்காலம் ஜூலை 31-இல் முடிந்தால் மறுநாள் மேற்குக் கரையெங்கும் படகுகள் மொத்தமாகக் கடலில் இறங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஓசியானிக் இடிபட்டது அப்படி இறங்கிய ஒரு வாரத்துக்குள். அந்த வாரத்தில் கேரளக் கரையைத் தாண்டும் கேப்டன் பத்து மைல் வெளியே தள்ளிப் போகலாம், வேகத்தைக் குறைக்கலாம், இரவில் இரண்டாவது கண்காணிப்பாளரை நிறுத்தலாம். மூன்றுக்கும் எரிபொருளோ நேரமோ ஆள்கூலியோ செலவாகும் என்பதால் பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை.

இந்தச் "செலவாகும்" என்பது படகு மோதலுக்கு மட்டுமான சங்கதி அல்ல. கரை தட்டிய கப்பல்களின் கதைகளை வரிசையாகப் படித்தால் அங்கேயும் இதுதான். 1967 மார்ச் 18 அன்று டோரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் பாறையில் ஏறியது. மில்ஃபோர்ட் ஹேவன் துறைமுகத்தில் ஓதநீர் ஏறும் நேரத்தைப் பிடிக்கச் சில்லி தீவுகளுக்கு வெளியே சுற்றிப் போகாமல் உள்ளே புகுந்தார் கேப்டன். கிட்டத்தட்ட 1,20,000 டன் கச்சா எண்ணெய் கடலில் போனது. 2011 அக்டோபர் 5 அன்று நியூசிலாந்தில் ரேனா என்ற கன்டெய்னர் கப்பல் ஆஸ்ட்ரோலேப் பாறைத்திட்டில் முழு வேகத்தில் ஏறியது. விடியற்காலை மூன்று மணிக்குள் துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட்டை ஏற்றிக்கொள்ளும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வந்தார்கள். பாறை வரைபடத்தில் தெளிவாக இருந்தது. மோதியது இரவு இரண்டேகால் மணிக்கு, அதே வாட்சில். நாற்பத்து நாலு ஆண்டு இடைவெளி, ஜி.பி.எஸ். வந்து சேர்ந்த இடைவெளி, ஆனால் காரணம் அச்சு அசலாக ஒன்று.

அவசரம்கூட இல்லாமல் கரையை நெருங்கியவர்களும் உண்டு. கோஸ்டா கான்கார்டியா 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜிலியோ தீவுக்கு வணக்கம் வைக்கப் பக்கத்தில் போய்ப் பாறையில் கிழிந்தது, 32 பேர் இறந்தார்கள். வாகாஷியோ என்ற கப்பல் 2020 ஜூலை 25 அன்று மொரீஷியஸ் பவளப்பாறையில் ஏறியது. தீவிலிருந்து 22 மைல் தள்ளிப் போட்டிருந்த பாதையை ஐந்து மைலுக்கு மாற்றியிருந்தார்கள், பிறகு அதையும் நெருங்கினார்கள். கைபேசி சிக்னல் கிடைக்கும் என்பதுதான் காரணம். சிரிப்பு வரலாம். மாதக்கணக்கில் குடும்பத்தோடு பேசாமல், அதுவும் கொரோனாவால் ஆள் மாற்றமே இல்லாமல் பல கப்பல்களில் ஆட்கள் தவித்துக்கொண்டிருந்த ஆண்டு அது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அவ்வளவு சிரிப்பு வராது. ஆனாலும் கரையை நெருங்கிப் போக ஏற்ற பெரிய அளவு வரைபடம்கூட அவர்களிடம் இல்லை.

விசாரணை அறிக்கைகளும் செய்தித்தாள்களும் "மனிதத் தவறு" என்று எழுதி முடித்துக்கொள்ளும்போது எனக்கு எரிச்சல் வரும். அந்த மனிதர் ஏன் அப்படிச் செய்தார் என்பது அடுத்த கேள்வி இல்லையா? ஷென் நெங் 1 என்ற நிலக்கரிக் கப்பல் 2010 ஏப்ரல் 3 அன்று ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் ஏறியது. திரும்ப வேண்டிய இடத்தில் சீஃப் ஆபீசர் திருப்பவில்லை. அதற்கு முந்தைய முப்பத்தெட்டரை மணி நேரத்தில் அவர் தூங்கியது இரண்டரை மணி நேரம். ஏன்? துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் வேலையை முழுக்கப் பார்த்துவிட்டு அப்படியே வாட்சுக்கு வந்திருந்தார். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்பது சர்வதேச விதி. ஓய்வுநேரப் பதிவேடு எல்லாக் கப்பலிலும் அழகாகத்தான் இருக்கும். அது எப்படி அழகாகிறது என்பதை மாலுமியிடம் தனியாகக் கேட்டால் சொல்வார். பெரிய துறைமுகத்துக்கும் சிறிய துறைமுகங்களுக்கும் நடுவே கன்டெய்னர் சுமக்கும் சிறிய ஃபீடர் கப்பல்களில் நிலைமை இன்னும் மோசம்: கேப்டனும் ஓர் ஆபீசரும் ஆறு மணி நேரம் மாற்றி ஆறு மணி நேரம், இரண்டு நாளுக்கு ஒரு துறைமுகம்.

கருவி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஓவிட் என்ற ரசாயனக் கப்பல் 2013 செப்டம்பரில் டோவர் நீரிணையில் வார்ன் மணல்திட்டில் ஏறி நின்றது. மின்னணு வரைபடத்தில் ஓர் இளம் அதிகாரி போட்ட பாதை நேராக அந்தத் திட்டின் மேலேயே போனது. மூத்தவர் யாரும் சரிபார்க்கவில்லை. ஆபத்து என்று ஒலிக்க வேண்டிய அலாரம் ஒலிக்கவில்லை. கப்பல் தரைதட்டி நிற்கிறது என்பதே வாட்சில் இருந்தவருக்குப் புரிய 19 நிமிடம் ஆனது. கலங்கரை விளக்கத்தையும் மிதவைகளையும் கண்ணால் பார்த்துக் கோணம் எடுக்கும் பழைய வழக்கம் இருந்திருந்தால் இது நடக்க வாய்ப்பே இல்லை.

துறைமுக வாசல் இன்னொரு கண்டம். உள்ளே வருகிறவரும் வெளியே போகிறவரும் ஒரே சந்தில் எதிரெதிரே வருவார்கள், ஒவ்வொருவரும் மற்றவர் விலகுவார் என்று நினைப்பார்கள், வி.எச்.எஃப். ரேடியோவில் பேசிப் பேசியே நேரம் போகும். 2010 ஆகஸ்ட் 7 அன்று மும்பையில் எம்.எஸ்.சி. சித்ராவும் கலீஜியா 3-ம் மோதியது இந்த வகை. அது காலை வெளிச்சத்தில் நடந்தது. கன்டெய்னர்கள் கடலில் சரிந்து துறைமுகத்தையே சில நாள் மூட வேண்டியதாயிற்று. 2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூரில் டான் காஞ்சிபுரம் உள்ளே வந்தது, பி.டபிள்யூ. மேப்பிள் வெளியே போனது. காமராஜர் துறைமுகத்திலிருந்து இரண்டு மைலில் மோதல். எண்ணெய் கசியவில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். ஓரிரு நாளில் கரையெல்லாம் தார் போல ஒதுங்கியது, மாணவர்களும் மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளியில் அள்ளிய படங்களைப் பார்த்திருப்பீர்கள். விபத்து ஒரு நொடியில் முடிந்தது. அதைக் குறைத்துச் சொன்னதில் போன நாட்கள்தான் பரவலை அதிகமாக்கின.

நங்கூரத்தில் நிற்பதும் பாதுகாப்பு அல்ல. 2012 அக்டோபர் 31-இல் நீலம் புயலின்போது பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரத்தை இழுத்துக்கொண்டு வந்து பெசன்ட் நகர் பக்கம் மணலில் ஏறியது. அதில் இறந்தவர்கள் கப்பலை விட்டு உயிர்காப்புப் படகில் இறங்கியவர்கள். கப்பலிலேயே இருந்தவர்களைக் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் தூக்கிக்கொண்டு வந்தது. கரையோரத்தில் தரைதட்டிய பெரிய கப்பல் பெரும்பாலும் உடனே மூழ்காது. பக்கத்தில் கரை தெரிகிறதே என்று சின்னப் படகில் இறங்கி அலை உடையும் இடத்துக்குள் போவதுதான் ஆளைக் கொல்லும்.

அந்த அலை உடையும் இடத்துக்கு நம் நாட்டுப்படகுக்காரர்கள் தினமும் போய் வருகிறார்கள். செய்தியில் பெரிதாக வராத, ஆனால் ஆண்டு முழுக்க உயிர் வாங்கும் விபத்து இதுதான். திருவனந்தபுரம் மாவட்டத்து முதலப்பொழி, குமரி மாவட்டத்துத் தேங்காப்பட்டணம் இரண்டிலும் துறைமுக வாயிலில் பல பேர் செத்திருக்கிறார்கள். அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள், சுவரின் அமைப்பு சரியில்லாமல் மணல் வந்து வாயில் சேர்ந்தது. 2025 ஏப்ரலில் முதலப்பொழியின் வாய் மணலால் அடைத்தே போனது. ஓர் அலை தன் உயரத்தைப் போல ஏறக்குறைய ஒன்றேகால் மடங்கு ஆழத்துக்கு வந்தால் உடையும். வாயிலில் ஐந்து மீட்டர் ஆழம் இருந்தால் ஒன்றரை மீட்டர் அலை உருண்டு உள்ளே போய்விடும். மணல் சேர்ந்து ஆழம் இரண்டு மீட்டர் ஆனால் அதே அலை வாயிலிலேயே தலைகுப்புற விழும். உள்ளே வரும் படகுக்கு அலை பின்னாலிருந்து வருகிறது. அமரத்தை (படகின் பின்பக்கத்தை) அலை தூக்கும், அணியம் (முன்பக்கம்) தண்ணீரில் குத்தும், படகும் அலையும் ஒரே வேகத்தில் போவதால் சுக்கானுக்குப் பிடிப்பு இருக்காது, படகு குறுக்கே திரும்பும், அடுத்த அலை புரட்டிவிடும். ஆற்றுநீர் எதிர்த்து வெளியே ஓடுகிற நேரமானால் அலை இன்னும் செங்குத்தாக எழும். எத்தனை அனுபவசாலி ஓட்டினாலும் இதில் செய்வதற்குக் கொஞ்சம்தான் இருக்கிறது. தோண்டி மணலை எடுக்க வேண்டும், சுவரை நீட்ட வேண்டும் அல்லது திருத்த வேண்டும். இதையும் மீனவர் கவனக்குறைவு என்று எழுதுபவர்கள் ஒரு தரம் அந்த வாயிலுக்குள் வந்து பார்க்கலாம்.

மோதலும் இல்லாமல், கரையும் தட்டாமல் மூழ்கும் வகையும் உண்டு. 2025 மே 24-இல் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன எம்.எஸ்.சி. எல்சா 3 ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுநாள் கொச்சிக்குத் தென்மேற்கே 38 மைல் அளவில் மூழ்கியது. 1997-இல் கட்டிய கப்பல், 640 கன்டெய்னர்கள். சமநிலைக்காகத் தண்ணீர் நிரப்பும் தொட்டிகளின் அமைப்பில் வந்த கோளாறு என்பது முதற்கட்டக் கணிப்பு. 24 பேரும் தப்பினார்கள். அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணைகள் குமரிக் கரைவரை ஒதுங்கின.

இதையெல்லாம் குறைக்க முடியாதா என்றால், ஓர் இடத்தில் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள். உலகிலேயே நெரிசலான நீரிணைகளில் ஒன்றான டோவரில் 1967-இல் போக்குக்கு ஒரு பாதை, வரத்துக்கு ஒரு பாதை என்று பிரித்தார்கள். 1977 முதல் அதை மீறுவது குற்றம். கரையிலிருந்து ரேடாரில் கண்காணித்து, தப்பான பக்கம் போகிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நேருக்கு நேர் மோதல் பெருமளவு குறைந்தது. நம் பக்கம் 2020 ஆகஸ்ட் 1 முதல் தென்மேற்கு இந்தியக் கடலில் வணிகக் கப்பல்களுக்குத் தனிப் பாதை வகுத்து அரசு அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் வரைபடத்தில் கோடு போடுவது பாதி வேலைதான். கோட்டைத் தாண்டுகிறவரைக் கூப்பிட்டுக் கேட்க டோவரில் ஆள் இருந்தது. படகு இருக்கும் இடத்தை அறிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் கருவியைப் படகுகளுக்குக் கொடுக்கும் திட்டமும் நடக்கிறது. அதைப் பொருத்துவதில் மீனவர்களுக்கு ஒரு தயக்கம் உண்டு: எங்கே மீன் கிடைக்கிறது என்பது அடுத்த படகுக்குத் தெரிந்துவிடும். நியாயமான தயக்கம்தான். இருந்தாலும் இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் அதை அணைத்து வைப்பது கப்பலுக்குக் கண்ணைக் கட்டிவிடுவதற்குச் சமம். ரேடார் பிரதிபலிப்பான் என்று ஓர் உலோகப் பொருள் இருக்கிறது. மின்சாரம் வேண்டாம், விலையும் அதிகமில்லை, கம்பத்தின் உச்சியில் கட்டிவிட்டால் மரப்படகும் ரேடாரில் பளிச்சென்று விழும். இவ்வளவு பயனுள்ள பொருள் இவ்வளவு குறைவான படகுகளில் இருப்பதற்கு எனக்குக் காரணம் புரிந்ததே இல்லை.

கடைசியாக, யாருக்காவது இது நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கேள்வியில் அது இல்லை என்றாலும். இடித்த கப்பல் பல நேரம் இடித்ததையே உணராது. பல்லாயிரம் டன் எடையில் ஒரு மரப்படகு பட்டது பெரிய அலை பட்டதிலிருந்து வேறாகத் தெரியாது. உணர்ந்தும் நிற்காமல் போகிறவர்களும் உண்டு. அதனால் கப்பலின் பெயர் தெரியவில்லையே என்று விட்டுவிடக் கூடாது. ஜி.பி.எஸ். காட்டும் இடத்தையும் அந்த நிமிடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், வி.எச்.எஃப். 16-ஆம் சேனலில் சொல்லுங்கள், சிக்னல் கிடைத்தால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் அந்த இடத்தில் எந்தெந்தக் கப்பல் இருந்தது என்பது ஏ.ஐ.எஸ். பதிவில் இருக்கும். படகில் ஒட்டியிருக்கும் பெயின்டைச் சுரண்டவோ கழுவவோ வேண்டாம், கப்பலின் பெயின்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எல்லாவற்றையும்விட அவசரமானது கப்பலின் பயணப் பதிவுக் கருவி. பிரிட்ஜில் பேசிய பேச்சு, ரேடார் திரை எல்லாம் அதில் பதிவாகும். 2014-க்குப் பிறகு பொருத்திய கருவிகள் அதை 30 நாள் வரை வைத்திருக்கும். பழைய கருவிகள் 12 மணி நேரத்தில் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும். விடியற்காலை மூன்று மணிக்கு இடிபட்டவர் கரைக்கு வந்து, சங்கத்தில் பேசி, மாலையில் புகார் கொடுத்தால், பழைய கருவி வைத்திருக்கும் கப்பலில் அந்த இரவு ஏற்கெனவே அழிந்திருக்கும்.